கம்பெனி வக்கீல் வேலை: டெல்டா பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு சிவில் சீனியரிடம் மூன்று வருஷம் ஜூனியராக இருந்தேன். அப்புறம் சென்னையில் ஒரு சட்ட நிறுவனம், பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியின் சட்டப் பிரிவு. இப்போது மறுபடியும் கும்பகோணம். வீட்டு மாடியறைதான் ஆபீஸ். தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கும் அவற்றில் உயர் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒப்பந்தம், வேலை, பங்கு, தரவு சம்பந்தமாக ஆலோசனை சொல்வது என் தொழில். கல்யாண வீட்டிலும் கோர்ட்டில் வக்கீல்கள் உட்காரும் பார் ரூமிலும் உழவன் எக்ஸ்பிரஸிலும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

"அக்கா, நீங்க கோர்ட்டுக்கே போறதில்லைன்னு சொல்றாங்க. அப்போ வக்கீல்னு என்னதான் பண்றீங்க?"

பெரும்பாலும் படிக்கிறேன், எழுதுகிறேன், எதிர்த்தரப்பு வக்கீலோடு பேசுகிறேன். போன வாரம் ஒரு நாளைச் சொல்கிறேன். காலையில் ஒரு கம்பெனி வங்கி ஒன்றுக்கு மென்பொருள் கொடுக்கும் ஒப்பந்தம் வந்தது, 64 பக்கம். நான் நின்றுபோன இடம் ஒரே வரி: சேவை தடைபட்டால் உண்டாகும் எல்லா நஷ்டத்துக்கும் கம்பெனியே பொறுப்பு. அந்த 'எல்லா'வை எடுத்துவிட்டு, முந்தைய 12 மாதத்தில் வாங்கிய கட்டணத்துக்கு மேல் பொறுப்பு இல்லை என்று மாற்றுவதற்குள் மூன்று போன், நான்கு வரைவு. அந்த ஒரு சொல் அப்படியே நின்றிருந்தால், ஒரு மணி நேரம் சர்வர் படுத்த காரணத்துக்காக 30 பேர் வேலை பார்க்கும் கம்பெனி மூடிப் போகலாம்.

மதியம் ஒருவருக்கு வந்த ஆஃபர் லெட்டரைப் பார்த்துக் கொடுத்தேன். சாயங்காலம், சேர்ந்து கம்பெனி தொடங்கிய இரண்டு நண்பர்கள் பிரிவதற்கான பேச்சு. வழக்கு வந்தால் நடத்துகிற வக்கீல் வேறு. வழக்கு வராதபடி காகிதத்தைச் சரிசெய்வது என் பக்கம்.

"ஏம்மா, பிள்ளையை எங்கே சேர்க்கலாம்? மெட்ராஸுக்குத்தான் அனுப்பணுமா?"

வேண்டியதில்லை. திருச்சியில் அரசு சட்டக் கல்லூரி 1979 முதல் இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் வைத்து ஐந்து வருஷப் படிப்பில் சேரலாம். டிகிரி முடித்தவர்களுக்கு மூன்று வருஷப் படிப்பு. அதே திருச்சியில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தஞ்சாவூரில் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் சட்டம் இருக்கிறது.

பெரிய சட்ட நிறுவனங்கள் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு நேரில் வந்து ஆள் எடுக்கின்றன என்பது உண்மை. அரசுக் கல்லூரியில் படிக்கிறவர் தானே கதவைத் தட்ட வேண்டும். அதற்காக வீட்டை அடமானம் வைத்துச் செலவு செய்யாதீர்கள். அரசுக் கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் வருஷத்திலிருந்து விடுமுறைதோறும் ஒரு கம்பெனியிலோ சட்ட நிறுவனத்திலோ பயிற்சிக்குப் போன பிள்ளைகள் நன்றாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"சன்னது வாங்க ஏகப்பட்ட செலவாகுமாமே? பரீட்சை வேற இருக்காம்?"

சன்னது என்பது வக்கீலாகத் தொழில் செய்ய பார் கவுன்சிலில் செய்யும் பதிவு. அந்தப் பதிவுக் கட்டணத்துக்கு உச்சநீதிமன்றம் 2024 ஜூலையில் வரம்பு கட்டிவிட்டது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். சட்டத்தில் சொன்ன இந்தத் தொகைக்கு மேல் எந்தப் பெயரிலும் பதிவுக் கட்டணம் வாங்கக்கூடாது. தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிந்த பிறகு இரண்டு வருஷத்துக்குள் அகில இந்திய பார் தேர்வை எழுதித் தேற வேண்டும்.

"கோடிங் தெரியணுமாக்கா?"

எழுதத் தெரிய வேண்டாம். கேட்கத் தெரிய வேண்டும். தரவு எந்த நாட்டு சர்வரில் உட்கார்ந்திருக்கிறது, திறந்த மூல நிரல் (யாரும் எடுத்துப் பயன்படுத்த வெளியிட்ட நிரல்) எதையாவது எடுத்துப் போட்டிருக்கிறார்களா, அதன் உரிமம் என்ன சொல்கிறது, ஒப்பந்தம் முடிந்தால் வாடிக்கையாளரின் தரவை யார் எப்படி அழிப்பார்கள் என்று பொறியாளரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். புரியாவிட்டால் மறுபடியும் கேட்க வேண்டும். நான் பெங்களூரில் முதல் ஆறு மாதம் ஒரு பொறியாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டதுதான் இன்றைக்கும் சோறு போடுகிறது.

"நான் தமிழ் மீடியம். ஒப்பந்தமெல்லாம் இங்கிலீஷ்ல இருக்குமே?"

இருக்கும், மறைக்கவில்லை. ஆனால் தேவைப்படுவது பேச்சுச் சரளம் இல்லை. ஒரு வாக்கியத்தில் யார், யாருக்கு, எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம். தினம் ஒரு ஒப்பந்தத்தின் இரண்டு பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு ஷரத்தையும் தமிழில் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள். எங்கே எழுத வரவில்லையோ அங்கே உங்களுக்குப் புரியவில்லை, அல்லது எழுதியவருக்கே புரியவில்லை. இரண்டாவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

"கும்பகோணம் கோர்ட்டுல நில வழக்கு பார்த்த மூணு வருஷம் வீண்தானே? நேரா பெங்களூர் போயிருக்கலாமே?"

அந்த மூன்று வருஷம்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. சீனியர் என்னிடம் ஒரு கிரயப் பத்திரத்தைக் கொடுத்து, "முதல்ல செக்குபந்தியைப் படி" என்பார். கிழக்கே யார் வயல், மேற்கே எந்த வாய்க்கால், வடக்கே எந்த வரப்பு. நான்கு எல்லையும் சரியாக நிற்காத பத்திரத்தை மேசையில் அப்படியே கவிழ்த்து வைத்துவிடுவார். குமாஸ்தா முதல் கட்சிக்காரர் வரை எல்லோரும் காத்திருக்க, மூலப் பத்திரம் வந்த பிறகுதான் அடுத்த பேச்சு.

மென்பொருள் ஒப்பந்தத்திலும் அதே வேலைதான். குத்தகைக்கும் கிரயத்துக்கும் வித்தியாசம் தெரிந்த டெல்டாக்காரருக்கு, உரிமம் தருவதற்கும் உரிமையையே மாற்றிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். உரிமம் என்பது குத்தகை: நிலம் இன்னொருவருடையது, உழுது கொள்ளலாம், விற்க முடியாது. இன்னொன்றும் அங்கே படித்தேன். குத்தகைச் சீட்டில் காலம் முடிந்தது என்று எழுதியிருந்தாலும், 1955ஆம் வருஷத்து சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது குத்தகைதாரரை அந்தக் காரணத்துக்காக மட்டும் வெளியேற்ற முடியாது. காகிதத்தில் எழுதியதெல்லாம் செல்லும் என்று நினைக்கக்கூடாது. பின்னால் வேலை ஒப்பந்தம் பற்றிய கேள்விக்கு இது உதவும்.

"நான் காசு கொடுத்து ஆப் செய்யச் சொன்னேன். அப்போ அது என்னுதுதானே?"

என்னிடம் வரும் தகராறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி மென்பொருள் ஓர் இலக்கியப் படைப்பு. உங்கள் கம்பெனியில் சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு மாதிரி பேசியிராவிட்டால், 17ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளர் கம்பெனிதான். வெளியாளை, அதாவது ஃப்ரீலான்சரை வைத்து எழுதினால் அப்படியில்லை. காசு கொடுத்தாலும் உரிமை எழுதியவரிடமே நிற்கும், அவர் கையெழுத்துப் போட்டு எழுத்தில் மாற்றிக் கொடுக்கும் வரை.

அந்த எழுத்திலும் செக்குபந்தி வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடுகளில் என்று 19ஆம் பிரிவு கேட்கிறது. காலம் எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். இன்னொரு கண்ணியும் உண்டு: மாற்றி வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர, அது காலாவதியாகிவிடும்.

அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் நெல் கொள்முதல் கணக்குக்காக ஓர் இளைஞரிடம் மென்பொருள் வாங்கினார். ஆறு வருஷம் நன்றாக ஓடியது. சிங்கப்பூரில் ஒருவர் அதை வாங்கக் கேட்டபோது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒரே பக்கம்: தொகை, தேதி, "எல்லா உரிமையும் உங்களுக்கே" என்று ஒரு வரி. காலமும் இல்லை, இடமும் இல்லை. அந்த வரியின்படி அவர் வாங்கியது இந்தியாவுக்குள் ஐந்து வருஷம், அதுவும் போன வருஷமே முடிந்துவிட்டது. அந்த இளைஞர் நல்ல மனுஷர். மறுபடியும் உட்கார்ந்து பேசி, நியாயமான தொகைக்குப் புதிதாக எழுதிக் கொடுத்தார். எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள்.

"போட்டிக் கம்பெனியில ரெண்டு வருஷம் சேரக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க மேடம். என்னை நிறுத்த முடியுமா?"

வேலையில் இருக்கும் வரை அந்தக் கட்டுப்பாடு செல்லும். விட்டு வெளியே வந்த பிறகு, 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. தொழிலையே நற்பெயரோடு விற்றவருக்கு மட்டும் விதிவிலக்கு. குத்தகைச் சீட்டைப் பற்றி மேலே சொன்னதேதான்: கையெழுத்துப் போட்டதாலேயே எல்லாம் கட்டுப்படுத்தாது. ஆனால் பாதியில் விட்டால் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற பாண்டு வேறு விஷயம். ஒரு வங்கி ஊழியர் வழக்கில் 2 லட்ச ரூபாய் பாண்டு செல்லும் என்று உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது.

ரகசியம் காக்கும் ஷரத்தும் வெளியே வந்த பிறகும் தொடரும். இதில்தான் படித்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு விற்பனைத் தலைவர் அழைத்தார். ஆபீஸ் கார் நிறுத்தும் இடத்தில், காரில் உட்கார்ந்திருந்தார். மடியில் கம்பெனி லேப்டாப், காலையில் ராஜினாமா. "வாடிக்கையாளர் லிஸ்ட் நான் பத்து வருஷமா சேர்த்ததுதானே, என் ஜிமெயிலுக்கு அனுப்பிடட்டுமா?" என்றார். லேப்டாப்பை மூடச் சொன்னேன். அனுமதியில்லாமல் தரவை நகலெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி நஷ்டஈடு. நேர்மையற்ற நோக்கம் என்றால் 66ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மூடும் சத்தம் எனக்குப் போனில் கேட்டது. அடுத்த மாதமே போட்டிக் கம்பெனியில் சேர்ந்தார். பழைய கம்பெனி நோட்டீஸ் அனுப்பியது, ஆனால் அவர் மேல் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"சம்பளத்தைக் குறைச்சு ஈசாப் தர்றேங்கிறாங்க. நல்லதா?"

ஈசாப் என்பது பங்கு இல்லை. பின்னால் குறித்த விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வருஷம் கழித்தே அது கைக்கு வரும். வாங்கும்போது, அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கணக்காகி வரி வரும். விற்கும்போது மறுபடியும் மூலதன ஆதாய வரி. முதல் வரி கட்டும்போது உங்கள் கையில் பணம் இருக்காது, விற்க முடியாத பங்குதான் இருக்கும்.

அதனால் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்று கேளுங்கள். 30 நாள் என்று எழுதியிருந்தால், நான்கு வருஷ உழைப்பை ஒரு மாதத்துக்குள் பணம் கட்டி மீட்க வேண்டும். நான் முதலில் பேரம் பேசுவது அந்த வரியில்தான்.

"எங்களோடது சின்ன ஆப். உரம், விதை ஆர்டர் எடுக்கிறதுதான். ப்ரைவசி பாலிசி வேற எங்கிருந்தாவது எடுத்துப் போட்டா போதாதா?"

போதாது. அந்தச் சின்ன ஆப்பில் விவசாயியின் போன் நம்பர், நிலத்தின் சர்வே எண், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கிறது. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் விதிகள் வந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ பார்க்கும் வசதியைத் தர வேண்டும் என்பது. அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. திருவையாற்றிலோ வலங்கைமானிலோ இருக்கும் ஒரு விவசாயி, தன் கணக்கு எண் எதற்காக வாங்கப்படுகிறது என்று தமிழில் படித்துவிட்டு 'சரி' என்று தொட வேண்டும். நல்ல தமிழில் அந்த நான்கு வரியை எழுத வக்கீல் வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் நிறைய வேலை இருக்கிறது.

"ஏஐகிட்ட கேட்டா ஒப்பந்தம் எழுதித் தருதே. இனி நீங்க எதுக்கு?"

நானும் பயன்படுத்துகிறேன். இரண்டு வரைவை ஒப்பிட, நீண்ட மின்னஞ்சல்களைத் தேதி வாரியாக அடுக்க அது நல்ல துணை. ஆனால் இல்லாத தீர்ப்பை இருப்பதாகச் சொல்லும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் அப்படி வந்த போலித் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ததற்காக, அவர்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அதோடு, கட்சிக்காரரின் ஒப்பந்தத்தைக் கண்ட இடத்தில் ஒட்டுவது அவர் ரகசியத்தைத் தெருவில் வைப்பதற்குச் சமம். நான் பெயர், தொகை எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகே பயன்படுத்துவேன், அதுவும் கட்சிக்காரரிடம் சொல்லிவிட்டு.

"ஊர்லயே இருந்து இந்தத் தொழில் நடக்குமா? கட்டணம் எப்படி வாங்குவீங்க?"

நடக்கிறது. முதல் ஐந்தாறு வருஷம் பெரிய ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம். பக்கத்தில் இருந்து பார்க்காமல் இது வராது. அப்புறம் இணையம் போதும். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா திறந்திருக்கிறார்கள், கட்சிக்காரர்களும் மெல்ல இந்தப் பக்கம் வருகிறார்கள்.

கட்டணம் மூன்று விதம்: மணிக்கணக்கு, ஒரு வேலைக்கு இவ்வளவு, மாதாந்திரம். சின்னக் கம்பெனிகளுக்கு இரண்டாவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன், அவர்களுக்கு முன்கூட்டியே செலவு தெரியும். வழக்கில் ஜெயித்தால் பங்கு என்று பேசுவதும், விளம்பரம் செய்து ஆள் பிடிப்பதும் பார் கவுன்சில் விதிப்படி கூடாது. காசுக்குப் பதில் கம்பெனிப் பங்கு தருகிறேன் என்பவர்களிடம் நான் வாங்குவதில்லை. பங்கு வைத்திருக்கிறவள் சொல்லும் ஆலோசனையில் என் ஆசையும் கலந்துவிடும்.

"அமெரிக்கக் கம்பெனி சம்பளம் தருது, அமெரிக்கச் சட்டமும் பார்த்துச் சொல்லிடுங்களேன்?"

மாட்டேன். டெலவேர் மாநிலச் சட்டத்தின்படி எழுதிய பங்கு ஒப்பந்தத்துக்கு அந்த ஊர் வக்கீல்தான் கருத்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் வேலை, இந்தியாவில் வரி, இந்தியாவில் தரவு என்ற பகுதிகளை நான் பார்ப்பேன், மற்றதற்கு அங்கே ஒருவரைச் சேர்த்துக்கொள்வோம். ஆரம்பத்தில் ஒருமுறை, தகராறு வந்தால் எந்த ஊரில் நடுவர் விசாரணை (கோர்ட்டுக்குப் பதில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் விசாரிப்பது) என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டேன். தகராறு வந்தபோது எந்த ஊர் என்பதற்கே எட்டு மாதம் போனது. கட்சிக்காரர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. இப்போது எந்த ஒப்பந்தத்திலும் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் என்ற இரண்டு வரியைத்தான் முதலில் படிக்கிறேன்.

"கம்பெனியில முழுநேர வேலைக்குச் சேர்ந்தா சன்னது போயிடுமா?"

போகாது, நிறுத்தி வைக்க வேண்டும். பார் கவுன்சில் விதி 49இன்படி முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக்கூடாது. வேலைக்குச் சேர்ந்ததும் பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும், விட்டு வந்ததும் மறுபடியும் தொடங்கலாம். நானும் அப்படித்தான் செய்தேன்.

இதில் ஒரு முக்கியமான விளைவு உண்டு. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்று பாரதிய சாக்ஷிய அதினியத்தின், அதாவது இப்போதைய சாட்சியச் சட்டத்தின், 132ஆம் பிரிவு சொல்கிறது. கம்பெனிக்குள் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அலுவலருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 134ஆம் பிரிவின் குறைந்த அளவு பாதுகாப்பு மட்டுமே. அதனால் நெருக்கடியான விஷயத்தில் வெளி வக்கீலை நேரத்தோடு கூப்பிடச் சொல்கிறேன்.

"கம்பெனிக்கு வக்கீலா இருக்கீங்க. சிஇஓ தனியா கூப்பிட்டு 'எனக்கு ஒண்ணு சொல்லுங்க'ன்னா என்ன செய்வீங்க?"

இந்தத் தொழிலில் கடினமான கேள்வி இதுதான். தினமும் பேசுவது அவரிடம், பில்லை அனுமதிப்பதும் அவர். ஆனால் என் கட்சிக்காரர் கம்பெனி, அவர் இல்லை. அமெரிக்காவில் 1981இல் அப்ஜான் வழக்கில் கம்பெனி வக்கீலின் ரகசியப் பாதுகாப்பு பேசப்பட்டதிலிருந்து, அங்கே வக்கீல்கள் ஊழியரை விசாரிக்கும் முன் ஓர் எச்சரிக்கை சொல்கிறார்கள்: நான் கம்பெனியின் வக்கீல், நீங்கள் சொல்வதை வெளியிடுவதா வேண்டாமா என்பது கம்பெனியின் முடிவு. நானும் அதைத் தமிழில் சொல்லிவிட்டே பேச்சைத் தொடங்குகிறேன்.

ஒருமுறை ஓர் இயக்குநர், கம்பெனி கொடுத்த காசோலைகள் திரும்பும் என்று தெரிந்து, அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப, தன் ராஜினாமாவைப் பழைய தேதி போட்டு எழுதித் தரச் சொன்னார். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 168ஆம் பிரிவின்படி ராஜினாமா கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாளிலோ, கடிதத்தில் குறித்த நாளிலோ, இரண்டில் பிந்தியதில்தான் நடைமுறைக்கு வரும். பழைய தேதி போட்டால் அவருக்கு ஒரு பயனும் இல்லை, எனக்கும் அவருக்கும் குற்றம் மட்டும் மிஞ்சும். "இதில் நான் உங்களுக்கு ஆலோசனை சொல்ல முடியாது, உங்களுக்கென்று வேறு வக்கீல் வையுங்கள்" என்றேன். கோபத்தோடு போனை வைத்தார். அன்றைக்கே இயக்குநர் குழுவுக்கு, காசோலைகளின் நிலை பற்றி எழுத்தில் தெரிவித்தேன். இரண்டு நாள் கழித்து அவருடைய வக்கீலிடமிருந்து எனக்கு முறையான மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பிறகு அந்த விஷயத்தை நாங்கள் இரண்டு வக்கீல்களும் பேசிக்கொண்டோம்.